கோடாரிக்காரன்

படத்தில் இருந்த கொலைகாரன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நின்றான்.

லெய்பிஷ் கையிலிருந்த தூரிகை நழுவிக் கீழே விழுந்தது. அதே பிளந்த புருவம், அதே மொத்தை மூக்கு, காதோரம் அதே மச்சம். தாடி மட்டும் நரைத்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கனவில் வந்து கழுத்தை நெரித்த முகம், வெள்ளிக்கிழமை மத்தியானம் மாடிப்படி ஏறி வந்திருக்கிறது.

நியூயார்க்கில் அந்த வட்டாரத்து யூதர்களில் லெய்பிஷின் படத்தை அறியாதவர் கிடையாது. போன மாதம் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். பின்னால் எரிகிற கிராமம், முன்னால் இந்த முகம், வலது கையில் ரத்தம் சொட்டும் கோடாரி. ருஷ்யாவில், நாலு வயதில், யூதர்களைக் கொன்ற கலவரத்தில் அப்பாவைப் பறிகொடுத்த அன்று அவன் கண்ணால் கண்ட முகம் அது.

படம் விற்கிறவர் மட்டும் ஒரு நொட்டை சொன்னார். "எல்லாம் சரி தம்பி. என்னமோ மூக்கோட மூக்கு உரசுற மாதிரி முகம் இவ்வளவு கிட்டத்துல நிக்குதே. இடது கை எங்கப்பா?"

"ஞாபகம் இல்லை. பார்த்ததைத்தான் வரைவேன். பார்க்காத கைக்கு நான் எங்க போக?"

அக்கா ஃப்ரூமா அந்தப் படம் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். பத்திரிகையில் வந்ததையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. "பதினாலு வயசுல நேர்ல பார்த்தது போதாதா? நீ வேற வரைஞ்சு காட்டணுமா எனக்கு?" என்பாள். அந்த நாளைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அழுவாளே என்று அவனும் கேட்டதில்லை.

இப்போது அவள் கீழே இல்லை. மறுநாள் சபாத் ஓய்வுநாளுக்கு மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள்.

"நீதானே லெய்பிஷ்?" என்றான் வந்தவன், நல்ல யித்திஷில். "நல்லா வளர்ந்துட்டே. நான் ஒனுஃப்ரி."

கொலைகாரனுக்கு நம் பாஷை வேறு தெரிந்திருக்கிறது!

"எதுக்கு வந்தே?"

ஒனுஃப்ரி கோட்டுக்குள் கையை விட்டான். துப்பாக்கிதான் என்று லெய்பிஷ் பின்வாங்கினான். வெளியே வந்தது நாலாக மடித்த பத்திரிகைத் தாள்.

"பீப்பாய்ப் பட்டறையில வேலை பார்த்தேன். இதைப் பார்த்துட்டு எல்லாரும் என் மூஞ்சியில துப்பினாங்க. வேலை போச்சு. போகட்டும். என் பொண்ணு இப்ப ராத்திரியில கதவைத் தாழ் போட்டுக்கிட்டுப் படுக்கிறா. பெத்த அப்பனுக்குப் பயந்துக்கிட்டு." அவன் தாளை நீட்டினான். "அந்த மூஞ்சியை அழிச்சிடு, தம்பி. உனக்குப் புண்ணியமா போகும்."

"அழிக்கணுமா? அதுக்காகத்தான் உயிரை வச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சியா?"

"அன்னிக்கு நடந்தது உனக்கு நினைவே இல்லையா?"

"எல்லாம் நினைவிருக்கு. நெருப்பு, ரத்தம், உன் கோடாரி. எல்லாம்."

ஒனுஃப்ரி திகைத்துப்போய்ப் பார்த்தான். "அப்புறமும் என்னை இப்படியா வரைஞ்சே?"

என்ன நெஞ்சழுத்தம்! லெய்பிஷின் கை தானாகவே மேஜையைத் தடவியது. படத்துணியைச் சட்டத்தில் அறைகிற சுத்தியல் அகப்பட்டது.

"நான் உள்ள வந்தப்போ உங்கப்பா தரையில கிடந்தாரு. கடைசியா என்னைப் பார்த்து..."

அதற்கு மேல் அவனைப் பேச விடவில்லை. முதல் அடி தாடையில் விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒனுஃப்ரி வாயைப் பொத்திக்கொண்டு முட்டி போட்டான். விரலிடுக்கில் ரத்தமும் பல்லுமாக வழிந்தது. ஏதோ சொல்லத்தான் பார்த்தான், வார்த்தை வரவில்லை.

"இது எங்கப்பாவுக்கு."

அடுத்தது நெற்றியில். அதற்கடுத்தது எங்கே விழுந்தது என்று லெய்பிஷே பார்க்கவில்லை. வண்ணக் கிண்ணங்கள் உருண்டன, படம் சாய்ந்து விழுந்தது. ஒனுஃப்ரி ஆள் எருமைக்கடா மாதிரி. நினைத்திருந்தால் இந்த நோஞ்சானை அலாக்காகத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்திருக்கலாம். ஆனால் திருப்பி ஓர் அடி அடிக்கவில்லை. கையை மட்டும் குறுக்கே நீட்டினான். அந்தக் கையையும் சுத்தியல் உடைத்தது.

லெய்பிஷ் ஓய்ந்தபோது அறையில் அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது. இருபத்திரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

படியில் தடதடவென்று காலடி. ஃப்ரூமா மீன் பையோடு வாசலில் நின்றாள். ஒருநாளும் ஏறாத மாடிக்கு, சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள்.

"என்னடா பண்ணிட்டே? யாருடா இது?"

"அவனேதான் அக்கா. நம்மளைத் தேடிக்கிட்டு அவனே வந்தான். தீர்த்துட்டேன். இனிமே நீ நிம்மதியா தூங்கலாம்."

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள். கிடந்தவனைப் புரட்டி, தலையில் கட்டியிருந்த துணியால் முகத்து ரத்தத்தைத் துடைத்தாள். பிளந்த புருவம் தெரிந்தது, மச்சம் தெரிந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

அவள் தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கோடாரியால அவனுங்களை வெட்டி விரட்டிட்டு, இடது கையில உன்னைத் தூக்கிட்டு ஓடினவர்டா இவரு."