அழிஞ்சியார் மூவர்

அழிஞ்சியார் என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. இலங்கையில் மூவருக்கே அது உண்டு: பலாங்கொடைத் தோட்டத்தில் கிருஷ்ணகுமார், வரக்காப்பொலையில் கடை வைத்திருக்கும் அவன் பெரியப்பா, கரவனெல்லையில் ரப்பர் பால் வெட்டும் சித்தப்பா. நான்காவது ஆளுக்கு அந்தப் பெயர் வந்தால் மூவரில் ஒருவர் இறந்துவிடுவார். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

பெயர் சூட்டும் நாளில் தாய்மாமன் அதைக் குழந்தையின் காதில் சொல்ல வேண்டும்.

"நம்ம புள்ளைக்கு அது வேணாங்க," என்றாள் கிருஷ்ணகுமாரின் மனைவி தர்மிளா.

மதுசன் என்று மட்டும் வைத்தார்கள்.

நேற்று பஸ்ஸுக்கு நிற்கையில் கங்காணி பின்னாலிருந்து கூப்பிட்டார். "என்ன அழிஞ்சியாரே, தொரைக்கு நடக்க வலிக்குதோ?"

கிருஷ்ணகுமாருக்கு முன்பே தர்மிளாவின் இடுப்பிலிருந்த குழந்தை அந்தப் பெயருக்குத் திரும்பிச் சிரித்தது.

அவன் இருவருக்கும் போன் செய்தான். சித்தப்பா நன்றாக இருந்தார்.

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்," என்றார் பெரியப்பா. "நீ எப்படி இருக்க?"

தர்மிளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.