இறங்கும்போது சொல்ல வேண்டியது

அந்த வெளிநாட்டு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் டிரைவரைப் பார்த்து, "சியர்ஸ், டிரைவ்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள். அங்கே நன்றிக்கு 'சியர்ஸ்' என்பதும், டிரைவரை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவதும்தான் வழக்கமாம். பள்ளிப் பிள்ளைகள் சொன்னார்கள், கைத்தடி ஊன்றிய கிழவர் சொன்னார், காதில் பாட்டு மாட்டியிருந்தவள்கூடச் சொன்னாள். புதிதாக வந்திருந்த பூதலிங்கத்துக்கு மட்டும் அது நாக்கு நுனிவரை வந்து நின்றுகொண்டது. குளியலறைக் கண்ணாடி முன்னால் சரளமாக வந்த சொல்தான். சொல்லாமல் இறங்குவது, உண்ட வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுபோல் இருந்தது. அதனால் தன் நிறுத்தம் வந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அங்கேயும் வாய் வரவில்லை. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசி நிறுத்தத்தில் எஞ்சின் அடங்கியபோது உள்ளே அவன் ஒருவன்தான். "சொல்லித் தொலையேன்டா" என்று தன்னையே திட்டிக்கொண்டது பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. டிரைவர் திரும்பினார். நரைத்த மீசையோடு முகம் மலர்ந்தது. "தம்பி தமிழோ? ஊரிலை எவடம்? இறங்கேல்லையோ?" இங்கே வந்தபின் அவனிடம் யாரும் தமிழில் பேசியதில்லை, எந்த ஊர் என்று கேட்டதில்லை. பூதலிங்கம் பதறி எழுந்து வாயைத் திறந்தான். "சியர்ஸ், டிரைவ்" என்றது வாய். உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை. மலர்ந்த முகம் மெல்ல, எல்லோருக்கும் காட்டுகிற முகமாயிற்று. "நோ வொரீஸ், மேட்" என்று அவர் கதவைத் திறந்துவிட்டார். சொல்லியாகிவிட்டது, இனி இறங்க வேண்டியதுதானே. ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக அவன் நின்றுகொண்டிருந்தான்.