முயலுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய நாய்?

"முயல் பிடிக்கக் குதிரையை ஏன்யா கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார் தையல்காரர்.

மருந்துக்கடைக்காரர் வேனின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நாய் இறங்கியது. இறங்கி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

போன ஞாயிறு வரை எல்லாரையும் போல முழங்கால் உயர நாயோடு வந்தவர்தான். இது அவர் இடுப்பு வரை இருந்தது.

பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முயல் வேட்டைக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஜீப் அவருடையது.

"முயலுக்குக் குட்டைக் கால் நாய்தாங்க சரி," என்றார் மெக்கானிக். "மோப்பம் பிடிச்சு மெதுவாப் போகும். முயலும் பதறாம ஒரு சுத்து சுத்திட்டு, கிளம்பின இடத்துக்கே வரும். நாம நின்ன இடத்துலேயே நின்னு சுடலாம். இது துரத்துற துரத்துக்கு முயல் பக்கத்து ஊர் போய்ச் சேர்ந்துடும்."

"வாஸ்தவம்," என்றார் மருந்துக்கடைக்காரர். எதையும் உடனே ஒப்புக்கொள்கிற மனிதர். ஒப்புக்கொண்டுவிட்டு நாயை அவிழ்த்துவிட்டார்.

அது குரைத்தது. காலிப் பீப்பாயைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். எதிர்க் குன்றில் மோதித் திரும்பியும் வந்தது. புதரிலிருந்து கிளம்பிய முயல் திரும்பியே பார்க்கவில்லை. ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

இன்னொரு முயல் முள்புதருக்குள் நுழைந்தது. நாயும் நுழைந்தது. தலை மட்டும் போனது. மிச்சத்தை நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்தார்கள்.

நாலு வாரம் இதே கதை. நாலு வாரமும் வெறுங்கை.

"அந்த நாயா, நாங்களான்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றார் தையல்காரர் மெக்கானிக்கிடம்.

திங்கட்கிழமை சாயங்காலம் மெக்கானிக் மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு, மேலே காலை, மதியம், இரவு என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பழைய நாயையே கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா..."

"முதல் ஒரு மணி நேரம் மட்டும் அவிழ்த்து விடறேனே? அப்புறம் வேன்ல கட்டிப் போட்டுடறேன்."

"அந்த ஒரு மணி நேரத்துல இருக்கிற முயலெல்லாம் ஊரைக் காலி பண்ணிடுதுங்களே!"

"அதுவும் வாஸ்தவம்."

"அப்படி என்னதாங்க இருக்கு அந்த நாய்கிட்ட?"

மருந்துக்கடைக்காரர் பையை மடித்து வைத்தார்.

"குரல் நல்லா இருக்கு," என்றார்.

இதை மெக்கானிக் மற்றவர்களிடம் சொன்னார். ரெண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு மருந்துக்கடைக்காரரும் வரவில்லை, நாயும் வரவில்லை. ஒன்பது மணிக்குள் நாலு முயல். "தலைவர்னா இப்படி இருக்கணும்," என்றார் தையல்காரர். மெக்கானிக் மறுக்கவில்லை.

திரும்பும்போது, காட்டுப் பாதை தெருவைத் தொடுகிற இடத்தில், முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் கை காட்டி ஜீப்பை நிறுத்தினாள். லாரி டிரைவரின் மனைவி.



லாரி டிரைவரும் அவர்கள் கூட்டத்தில் ஒருவர்தான். பத்து மாதத்துக்கு முன்னால் லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. மெக்கானிக் ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாசலைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு வேட்டைக்குப் போகலையா?"

"ஏம்மா?"

"இல்ல, விடிஞ்சதிலேருந்து ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிட்டு, காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கார். பெரிய நாய் சத்தமே காணோமாம். என்னை வாசலுக்கும் உள்ளுக்கும் விரட்டிக்கிட்டே இருக்கார்."

மெக்கானிக் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்ன நாய் குரைச்சா இவ்வளவு தூரம் கேக்காதுண்ணே. மாத்திரை கொண்டு வர்ற மருந்துக்கடை அண்ணன்கிட்ட இவர் ஒரு நாள் சொல்லி வருத்தப்பட்டார். அவர்தான் தேடிப் பிடிச்சு அந்த நாயை வாங்கினார். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா இங்கே வேட்டைதான். படுத்துக்கிட்டே சொல்லுவார். 'இப்போ ஓடைப் பக்கம் திரும்பிடுச்சு... மெக்கானிக் தப்பான இடத்துல நிக்கிறான்'னு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. அந்த ஒரு நாள்தாண்ணே சிரிக்கிறார்."

தையல்காரர் ஜீப்பின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் கோணிச் சாக்கை இழுத்து முயல்களை மூடினார்.

"இதை அவர் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா," என்றார் மெக்கானிக்.

"இவர்தான் சொல்ல வேண்டாம்னுட்டார். 'பாவம், வேலையை விட்டுட்டு அவங்க வந்து நிப்பாங்க'ன்னார்."

மெக்கானிக் என்ஜினை அணைத்தார். கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றினார்.

"நாய்க்குத் தொண்டை கட்டிக்கிச்சும்மா," என்றார். "அடுத்த வாரம் சரியாயிடும்."