விளையாட்டு உடுப்பு

டோர்ட்மண்டில் இளங்கீரனின் போட்டோக் கடை. ஜெர்மன்காரர் ஒருவர் பிரதியெடுக்கக் கொடுத்திருந்த பழைய படங்கள் மேசையில் கிடந்தன. எல்லாம் நூறு வருடங்களுக்கு முந்தைய அமெரிக்க பேஸ்பால் வீரர்கள்.

கடைக்கு வந்திருந்த சந்திரமதி அவற்றில் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். “தம்பி, இந்த உடுப்பில என்ர மகனைப் போட்டுத் தருவியளே?”

இளங்கீரன் சிரித்தான். “கோட் சூட் போட்டு விடுறன், அக்கா. எல்லாரும் அதைத்தான் கேக்கிறவை.”

“வேண்டாம். அவனுக்கு விளையாட்டெண்டால் உயிர்.”

“பிறந்தநாளுக்கோ?”

அவள் கைப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து நீட்டினாள்.

இயக்கச் சீருடை. கழுத்துக் கயிற்றில் சயனைட் குப்பி.

“அவன்ர முப்பத்தோராம் நாள் நினைவுக்கு மாலை போட வேற படம் இல்லை, தம்பி. விளையாடப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இயக்கத்துக்குப் போன அண்டைக்கு ஊரில வீட்டாலை வெளிக்கிட்டவன்.”