கடைசிப் பத்தி

கடைசித் தாளுக்கு வந்தபோது அவள் விரல்கள் நின்றன.

கணவர் கையால்தான் எழுதுவார். அவள் கணினியில் ஏற்றித் தருவாள். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான்.

கதையில் வரும் பெண்ணின் பெயர் மீரா. வயது பத்தொன்பது. சாதாரணக் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

பெயர்தான் வேறு. மற்றதெல்லாம் அவர்களுடைய மகள் பூங்கோதை. ஊசி போட வந்தவளிடம் ஊர் விசாரித்தது, தலையைக் கலைக்க விடாதது, எல்லாம்.

பூங்கோதை போய் நான்கு வருடம். அதற்குப் பிறகு அவர் எழுதிய முதல் கதை இது.

கடைசிப் பத்தியில் அப்பா ஆஸ்பத்திரி மாடிப்படிகளில் ஓடி ஏறுகிறார். மகளின் கையைப் பிடிக்கிறார். அவள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அங்கே கதை முடிகிறது.

அன்றைக்கு அவர் வரவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். சிறுகதை எந்த இடத்தில் முடிந்தால் வாசகருக்கு நிறைவாக இருக்கும் என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. மேடையேறும்போது கைபேசியை அணைத்தார். இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். மறுபடி போட்டபோது இரவு எட்டு மணி. பூங்கோதை நாலேகாலுக்கே போய்விட்டாள்.

பாளையங்கோட்டைக்கு அவர் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

மகளின் கடைசி நேரத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

தட்டச்சுச் சத்தம் நின்றதைக் கேட்டு அவர் உள்ளே வந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

“முடிவு நிறைவா இருக்கா?”

“படிக்கிறவங்களுக்கு இருக்கும்.”

அவர் நகரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“மூணு தடவ கேட்டா. அப்பா வந்துட்டாவளா, அப்பா வந்துட்டாவளான்னு.”

தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவரின் ஒலிபெருக்கி நெருங்கி வந்து, கடந்து போனது.

முதல் இரண்டு தடவை வழியில் இருக்கிறார் என்று சொன்னதாகச் சொன்னாள். மூன்றாவது தடவை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அப்பா வந்துவிட்டார், கீழே வண்டியை நிறுத்துகிறார், இதோ மாடிப்படி ஏறுகிறார் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பூங்கோதை கேட்கவில்லை.

அவர் குனிந்து விசைப்பலகைக்குக் கையை நீட்டினார். அந்தப் பத்தியை அழிக்கப் போகிறார் என்று தெரிந்தது.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இருக்கட்டும்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“நம்புனாளா?”

அவளுக்குத் தெரியவில்லை. நான்கு வருடமாக யோசித்தும் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

“கதவையே பாத்துட்டுக் கெடந்தா. கண்ண நான்தான் மூடிவிட்டேன்.”

கதை அந்தப் பத்தியோடுதான் போனது. அப்படியே அச்சாகியும் வந்தது.

முடிவு மனசுக்கு ஆறுதலாக இருந்தது என்று முகம் தெரியாத பதினோரு பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். அப்பா வந்து சேர்ந்துவிட்டாரே என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

அவர் எதையும் பிரிக்கவில்லை.

அவள் பிரித்தாள். பகலில், அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.