கருவிப் பிழை

2022 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.20. மழை உண்டு; காற்று இல்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள்.

நான்கு நாள்களாகத் தேடியது. பென்சிலைக் கூர்சீவிக்கொண்டாள்.

அறிக்கை ஜெபசிங்குடையது. அவளைவிடப் பதினோரு வயது இளையவன். இதே அலுவலகம், இரண்டு மேசை தள்ளி. சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் பெய்யும் மழையில் எவ்வளவு ஓடைக்கு வந்து சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு புதிய கணிப்பு முறை. ஏற்பதா, மறுப்பதா என்று முடிவு எழுத வேண்டியவள் அவள்.

ஏற்றால், ஒன்பது ஆண்டுகளாக நடப்பில் உள்ள முறை நீங்கும். அது அவளுடையது.

வெள்ளம் வரும் என்று அது மூன்று தடவை சொன்னது. மூன்று தடவையும் கீழூர்க்காரர்கள் பாயும் பாத்திரமுமாகப் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தார்கள். ஓடையில் கணுக்கால் அளவு நீர்.

நான்காவது தடவை யாரும் கிளம்பவில்லை. வெள்ளமும் வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அவளுடைய கணிப்பின் பிழை நாற்பத்தாறு விழுக்காடு. அவனுடையது ஒன்பது.

ஓர் எண்ணை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

முப்பத்தொன்றாம் பக்கத்தில், ஆவியாதல் கணக்கில், ஒரு பின்னத்தை அவன் முழு எண்ணாக்கியிருந்தான். சரியான எண்ணை இட்டுக் கணக்கை மீண்டும் ஓட்டினாள்.

பிழை எட்டு விழுக்காடானது.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

பின்னிணைப்பைத் திருப்பினாள். பழைய களப் பதிவேட்டின் ஒளிநகல்; 2011. ஏழு அளவீடுகள். மேலே, மலையடிவாரத்தில், நூறு மில்லிமீட்டருக்கு மேல் மழை. கீழே, ஓடையில், கணுக்கால் அளவு நீர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. ஓரத்தில் இரண்டு சொற்கள்: கருவிப் பிழை.

எழுத்து அவளுடையது. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு. அவனுக்கு இப்போது.

கருவி என்று அங்கே இருந்தது ஓடையில் நட்டிருந்த மரக்கோல் ஒன்றுதான். மழைச்சட்டைக்குள் நனைந்தபடி அதை அவளே படித்தாள். மரக்கோல் எப்படிப் பிழை செய்யும் என்று யாரும் கேட்கவில்லை.

அவளும் கேட்கவில்லை.

தண்ணீர் வழியிலேயே பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிவிடுகிறது. அவன் எழுதியிருந்தது அவ்வளவுதான். அடித்திருந்த அளவீடுகளைத் திரும்பச் சேர்த்தான், கணக்கு சரியாகிவிட்டது.

புதிதாக எதையாவது கண்டுபிடித்திருந்தால் பொறுத்திருப்பாள். அவன் எடுத்தது அவள் எறிந்ததை.

பின்னிணைப்பின் முடிவில் அவன் தயாரித்த அட்டவணை. கடைசிக் கட்டம்: அளவெடுத்தவர் கையொப்பம். ஏழு வரிசையிலும் அதை வெறுமையாக விட்டிருந்தான்.

பெயர் தெரியாமல் இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்த எழுத்தைத்தான் கோப்புதோறும் பார்க்கிறான்.

பெருந்தன்மையும் அவனிடமே போய்ச் சேர்ந்திருந்தது.

கையொப்பமிட்டால் அந்த அளவீடுகள் அவளுடையவை. கோடுகளும்.

கதவருகே அவன் தலை தெரிந்தது. கையில் டீ.

"என்ன மேடம், ஒரு கையெழுத்துக்கு நாலு நாளா? உங்க வீட்டை எழுதிக் கேட்ட மாதிரில்லா இருக்கு."

"முப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு, ஜெபசிங்."

அவன் முகம் சுண்டியது. அது அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பு நீடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பெரிய தப்பா, மேடம்?"

"திருத்தினா எட்டு வருது."

அவன் சிரிக்கவில்லை. அதையும் அவள் கவனித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அவன் சன்னலுக்குத் திரும்பி நின்று மழையைப் பார்த்தான். டீ ஆறியது. ஒரு கையெழுத்துக்கு அது அதிக நேரம்.

அறிக்கையை அவனிடம் நீட்டினாள்.

முடிவுப் பக்கத்தை அவன் படித்தான். ஏற்கப்படுகிறது. நன்றி சொல்ல வாயெடுத்தவன், அடிப்பக்கத்தைப் பிடித்திருந்த விரலில் மை ஒட்டுவதைக் கண்டு பின்னிணைப்பின் அட்டவணைக்குப் புரட்டினான்.

கையெழுத்து ஒன்றுதான் கேட்டிருந்தான்.

எட்டு இருந்தன.