குறி இல்லாத வரி

புத்தகப் பக்கங்களை வடிவமைப்பது அவன் தொழில். மனைவி தன் கதைகளை, இறந்துபோன முதல் கணவரின் பழைய விண்டோஸ் கணினியில்தான் எழுதுவாள். அவற்றை அவன் தன் லினக்ஸ் கணினிக்கு மாற்றும்போது, வரிக்கு வரி கடைசியில் ^M என்ற வேண்டாத குறி ஒட்டிக்கொண்டு வரும். அது வழக்கம்தான். ஒரே கட்டளையில் துடைத்துவிடுவான்.

இந்த முறை துடைத்த மறுநாள், சில வரிகளில் மட்டும் குறி திரும்பியிருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அட, இதெல்லாம் நல்லா வந்த வரிங்க! அவரும் இருந்தப்போ இப்படித்தான், பிடிச்ச வரிக்கு மட்டும் பென்சில்ல ஒரு கோடு போடுவாரு."

அவன் எவ்வளவு புகழ்ந்தும் அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை. அவனுக்கு வயிறு எரிந்தது.

மறுபடி எல்லாவற்றையும் துடைத்தான். கதையின் நடுவே, அவளுக்குத் தெரியாமல், தானே உருகி உருகி ஒரு வரி எழுதிச் சேர்த்தான்.

காலையில் அந்தப் பக்கத்தின் எல்லா வரிகளிலும் குறி இருந்தது. அவனுடையதில் மட்டும் இல்லை. அருகில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தவள் அந்த வரியில் நிறுத்தினாள்.

"இதை எப்போ எழுதினேன்? அவருக்குப் பிடிக்கல போல. எனக்கும்தான்."

அவன் வாயைத் திறப்பதற்குள் அழித்துவிட்டாள்.